காணியை எடுக்குமுன் காணிக்காரனைக் கேள்!
இலண்டன் இருப்புப்பாதைச் சட்டம் நமக்குப் புகட்டும் பாடம்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டு உங்களிற் சிலர் வியப்படையக்கூடும். வெங்காயச் செய்கையைப் பற்றியோ, குளத்து நீரைப் பற்றியோ, மொழி உரிமையைப் பற்றியோ பேசவேண்டிய மேடையில், இலண்டன் மாநகரின் நிலத்துக்கு அடியில் ஓடும் ஒரு புகையிரதத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கலாம். அந்தப் புகையிரதத்தின் வேகத்தைப் புகழ நாம் இங்கு வரவில்லை. அது ஓடுவதற்கு முன்னர், ஒரு மண்வெட்டி நிலத்தைத் தொடுவதற்கும் முன்னர், அந்நாட்டின் பாராளுமன்றத்தில் நடந்தது என்ன என்பதைச் சொல்லவே வந்திருக்கிறோம். நம்முடைய காணி, நம்முடைய கிணறு, நம்முடைய வீடு என்பவற்றோடு அதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு.

இலண்டனின் மேற்கேயுள்ள ரெடிங் நகரையும் ஹீத்துரு விமான நிலையத்தையும், கிழக்கேயுள்ள ஷென்பீல்ட், அபி வூட் என்ற இடங்களோடு இணைக்கிறது அந்தப் பாதை. நீளம் 100 கிலோமீற்றருக்கு மேல். நகரின் நடுப்பகுதியில் 21 கிலோமீற்றர் தூரத்துக்கு இரட்டைச் சுரங்கம். கட்டிய காலத்தில் அதற்குக் ‘குறொஸ்ரெயில்’ என்று பெயர். 2022ஆம் ஆண்டு மே மாதம் 24ஆம் திகதி, எலிசபெத் பாதை என்ற பெயரோடு மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதற்கு அதிகாரம் அளித்தது 2008ஆம் ஆண்டு ஜூலை மாதம் 22ஆம் திகதி அரச சம்மதம் பெற்ற ஒரு தனிச் சட்டம். அந்தச் சட்டத்தின் கதையே இன்று நாம் சொல்லவிருக்கும் கதை.

நால்வர் தடுத்த மசோதா

இந்தப் பாதையைக் கட்டவேண்டும் என்ற எண்ணம் நேற்று முளைத்ததன்று. 1974ஆம் ஆண்டிலேயே இலண்டன் புகையிரத ஆய்வு ஒன்று இதனைப் பேசியது. 1989ஆம் ஆண்டு மற்றோர் ஆய்வு வற்புறுத்தியது. 1991ஆம் ஆண்டு பாராளுமன்றத்தில் ஒரு மசோதா சமர்ப்பிக்கப்பட்டது. அப்போது ஆட்சியிலிருந்த அரசாங்கம் அதனை ஆதரித்தது. ஆயினும் 1994ஆம் ஆண்டு மே மாதத்தில், பொதுமக்கள் சபையின் நான்கு அங்கத்தவர்களைக் கொண்ட சிறு குழு ஒன்று சாட்சியங்களைக் கேட்டுவிட்டு, ‘இதன் தேவை நிரூபிக்கப்படவில்லை’ என்ற முடிவுக்கு வந்தது. மசோதா அதோடு வீழ்ந்தது.

அன்பர்களே, இதனைச் சற்றே நிதானித்து நோக்குங்கள். அரசாங்கம் விரும்பிய திட்டம் அது. பெரும் வர்த்தகர்கள் விரும்பிய திட்டம் அது. இருந்தும் நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றியிருந்து, கேட்கவேண்டியவர்களைக் கேட்டபின், முடியாது என்றார்கள். அவர்கள் செய்தது சரியா, பிழையா என்று இன்றும் அங்கு வாதிடுகிறார்கள். பாதை பல ஆண்டுகள் பிந்தியது என்று குறை சொல்வோரும் உண்டு. நமக்கு வேண்டியது அந்த வாதமன்று. ‘முடியாது’ என்று சொல்லக்கூடிய ஓர் இடம் அந்த அமைப்பில் இருந்தது என்பதே நாம் கவனிக்கவேண்டியது. ‘முடியாது’ என்று சொல்ல வழியில்லாத விசாரணை, விசாரணையே ஆகாது.

கலப்பு மசோதா என்றால் என்ன?

2005ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 22ஆம் திகதி அரசாங்கமே புதிய மசோதாவைக் கொண்டுவந்தது. சட்டம் படித்தவர்கள் இதனைக் கலப்பு மசோதா என்பர். பெயரைக் கண்டு மலைக்கவேண்டாம். நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் ஒரு வகை. குறிப்பிட்ட சிலரை மாத்திரம் பற்றிய சட்டம் இன்னொரு வகை. பொது நன்மைக்கென்று கொண்டுவரப்பட்டாலும், குறிப்பிட்ட சிலருடைய காணியையும் வீட்டையும் தொழிலையும் மற்றவர்களைக் காட்டிலும் கூடுதலாகத் தாக்குகின்ற மசோதா மூன்றாவது வகை. அதுவே கலப்பு மசோதா.

அத்தகைய மசோதா வரும்போது, சாதாரண மசோதாவுக்கு இல்லாத கடமைகள் அரசாங்கத்தின் தலையில் விழுகின்றன. எந்தெந்தத் துண்டுக் காணி தேவை என்பதைக் காட்டும் வரைபடங்களை மக்கள் பார்வைக்கு வைக்கவேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கமிட்டு, அதன் சொந்தக்காரர் யார், குத்தகைக்காரர் யார், குடியிருப்பவர் யார் என்று எழுதிய புத்தகம் ஒன்றையும் வைக்கவேண்டும். அவர்களுக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும். பாதையால் மண்ணுக்கும் நீருக்கும் காற்றுக்கும் நேரக்கூடிய பாதிப்பை விளக்கும் அறிக்கையை வெளியிடவேண்டும். பின்னர், பாதிக்கப்படுபவர் எவரும் 20 பவுண் கட்டணத்தோடு மனுக் கொடுக்கலாம். மனுக்காரர் தெரிவுக் குழுவின் முன் நேரில் தோன்றலாம். நியாயவாதியை அமர்த்தலாம். அமர்த்தப் பணமில்லாதவர் தாமே பேசலாம். அரசாங்கத்தின் பொறியியலாளரைக் குறுக்குக் கேள்வி கேட்கலாம்.

இந்த மசோதாவுக்கு எதிராக நூற்றுக்கணக்கான மனுக்கள் வந்தன. பொதுமக்கள் சபையின் தெரிவுக் குழு 2006ஆம் ஆண்டு ஜனவரியில் மனுக்களைக் கேட்கத் தொடங்கி, 2007ஆம் ஆண்டு ஒக்டோபரிலேயே தன் அறிக்கையைத் தந்தது. அதன்பின் 2008ஆம் ஆண்டில் பிரபுக்கள் சபையின் தெரிவுக் குழு மீண்டும் மனுக்களைக் கேட்டது. ஆக, மசோதா சட்டமாவதற்கு மூன்றரை ஆண்டுகள் சென்றன. ‘இவ்வளவு காலமா?’ என்று அவசரக்காரர் கேட்பர். தலைமுறை தலைமுறையாக ஒரு குடும்பம் வாழ்ந்த நிலத்தை எடுக்க மூன்றரை ஆண்டுகள் யோசிப்பது அதிகமா என்று அவர்களைத் திருப்பிக் கேட்கிறோம்.

கேட்டதனால் விளைந்தவை

கேட்பது வெறுஞ் சடங்கா? இல்லை என்பதற்கு மூன்று உதாரணங்கள் தருகிறோம்.

முதலாவது, வூலிச். தேம்ஸ் நதிக்குத் தெற்கேயுள்ள தொழிலாளர் நிறைந்த பகுதி அது. முதலில் வரைந்த திட்டப்படி பாதை வூலிச்சின் அடியாற் செல்லும். ஆனால் புகையிரதம் அங்கு நிற்காது. பாதை கட்டும் தொல்லை அவர்களுக்கு, பயணம் செய்யும் வசதி பிறருக்கு! வூலிச்சுக்கு நிலையம் வேண்டும் என்று தெரிவுக் குழுவின் முன் வாதாடினார்கள். குழு அதனை ஏற்று, நிலையம் அமைக்கவேண்டும் என்று 2006ஆம் ஆண்டில் அறிவித்தது. செலவு அதிகம் என்று அரசாங்கம் தயங்கியது. குழு விட்டுக்கொடுக்கவில்லை. 2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அரசாங்கம் இணங்கியது. இன்று அங்கு புகையிரதம் நிற்கிறது.

இரண்டாவது, ஸ்பிற்றல்பீல்ட்ஸ். இலண்டனின் கிழக்குப் புறத்தில், வங்காள தேசத்திலிருந்து சென்ற மக்கள் நெருங்கி வாழும் பகுதி. அங்கு ஹன்பரி வீதியில் சுரங்கம் தோண்டும் பெரும் வேலைத்தளம் ஒன்றை அமைப்பதே முதல் திட்டம். ஆண்டுக் கணக்கில் மண் வெளியேற்றப்படும். இரைச்சலும் தூசியும் குடியிருப்புக்கு நடுவே எழும். அம்மக்கள் ஒன்றுதிரண்டார்கள். மனுக் கொடுத்தார்கள். அங்கிருந்து சுரங்கம் தோண்டும் திட்டம் கைவிடப்பட்டு, வேறு வழி வகுக்கப்பட்டது. இலண்டனில் அவர்கள் சிறுபான்மையினர், பலர் ஏழைகள். எண்ணிக்கையால் அவர்கள் வெல்லவில்லை. எடுத்துச் சொல்ல ஒரு சபை இருந்ததனாலும், அதற்கு ஆயத்தமாகச் சென்றதனாலும் வென்றார்கள்.

மூன்றாவது, இரைச்சல். சோஹோ என்ற பகுதியில் ஒலிப்பதிவுக் கூடங்கள் உண்டு. பார்பிக்கன் என்ற இடத்தில் பெரும் இசை மண்டபம் உண்டு. நிலத்துக்கு அடியில் ஓடும் புகையிரதத்தின் அதிர்வு தங்கள் தொழிலைக் கெடுக்கும் என்ற முறையீடு எழுந்தது. அதன் பயனாக அந்த இடங்களில் தண்டவாளத்தை அதிர்வு தாங்கும் விசேட தளத்தின்மேல் அமைத்தார்கள். ஒரு சங்கீத மண்டபத்தின் அமைதிக்கும் சட்டம் காது கொடுத்திருக்கிறது.

இப்படிக் குழுவின் முன்னரும் வெளியிலும் அரசாங்கம் கொடுத்த வாக்குறுதிகள் காற்றோடு போகவில்லை. ஒவ்வொன்றும் ஒரு பதிவேட்டில் எழுதப்பட்டது. பாதையைக் கட்டப் பொறுப்பேற்றவர்கள் அவற்றுக்குக் கட்டுப்பட்டார்கள். தேர்தல் மேடையில் மந்திரி கொடுக்கும் வாக்குக்கும், பதிவேட்டில் ஏறிய வாக்குக்கும் உள்ள பேதத்தை உங்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

சட்டத்தின் எல்லைக் கற்கள்

சட்டம் கொடுத்த அதிகாரத்துக்கு எல்லைகளும் உண்டு. எந்தக் காணியை எடுக்கலாம் என்பது வரைபடத்தில் உண்டு. அதற்கப்பால் ஓர் அங்குலமும் எடுக்கமுடியாது. கட்டாயமாகக் காணி எடுக்கும் அதிகாரம் 5 ஆண்டுகளுக்கே கொடுக்கப்பட்டது. ‘என்றோ ஒரு நாள் தேவைப்படும்’ என்று சொல்லி ஒருவனுடைய காணியின்மேல் தலைமுறைக் கணக்கில் கத்தியைத் தொங்கவிட இயலாது. எடுத்த காணிக்குச் சந்தை விலை கொடுக்கவேண்டும். வீட்டை இழந்தவருக்கு அதற்கு மேலும் ஒரு தொகை உண்டு. இடம் பெயரும் செலவும் உண்டு. சொந்தக்காரருக்கு மாத்திரமன்றி, குடியிருந்த வாடகைக்காரருக்கும் உரிமை உண்டு.

இந்த ஒழுங்கு வானத்திலிருந்து விழவில்லை. 19ஆம் நூற்றாண்டில் இருப்புப்பாதைகள் கட்டப்பட்டபோது, இலண்டன் ஏழைகளின் குடிசைகள் கேள்வி முறையின்றி இடிக்கப்பட்டன. நட்டஈடு காணிப் பிரபுவுக்கே போயிற்று. வாரக் கூலிக்கு வாடகை கொடுத்தவன் தெருவில் நின்றான். 1853ஆம் ஆண்டு ஷாப்ற்ஸ்பரி பிரபுவின் முயற்சியால், எத்தனை தொழிலாளர் வீடுகள் இடிபடும் என்ற கணக்கை மசோதாவோடு கொடுக்கவேண்டும் என்ற விதி வந்தது. முதலில் கணக்கு, பின்னர் கவலை, அதன் பின்னரே உரிமை. நூற்றாண்டுக்கு மேலான போராட்டத்தின் விளைவே இன்றுள்ள ஒழுங்கு.

குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. இரண்டாம் வாசிப்பில் பாராளுமன்றம் மசோதாவின் தத்துவத்தை ஏற்றபின், பாதையே வேண்டாம் என்று தெரிவுக் குழுவின் முன் வாதிட முடியாது. பெரிய நிறுவனம் கீர்த்திபெற்ற நியாயவாதிகளோடு வரும். கடைக்காரர் தனியே வருவார். செலவும் திட்டமிட்டபடி அடங்கவில்லை. 2010ஆம் ஆண்டில் 1,480 கோடி பவுண் என்று வகுத்த தொகை, முடிவில் 1,800 கோடியைக் கடந்தது. 2018ஆம் ஆண்டு டிசம்பரில் திறப்போம் என்றவர்கள் 2022ஆம் ஆண்டிலேயே திறந்தார்கள். ஆகவே அங்குள்ள அனைத்தும் பொன் என்று நாம் சொல்லவில்லை. காணி எடுக்கும் முறையில் நம்மிலும் பார்க்க அவர்கள் நெடுந்தூரம் முன்னே நிற்கிறார்கள் என்றே சொல்கிறோம்.

நம் மண்ணில் நடப்பது

இப்பொழுது நம் நாட்டுக்கு வருவோம். புகையிரதம் நமக்குப் புதிதன்று. கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை 1905ஆம் ஆண்டில் பாதை முழுமை பெற்றது. 1990ஆம் ஆண்டில் யுத்தத்தால் யாழ்ப்பாணச் சேவை நின்றது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தபோது நம்மவர் மகிழ்ந்தனர். முன்னேற்றத்துக்கு நாம் எதிரிகளல்லர். பாதையும் வேண்டும், துறைமுகமும் வேண்டும். எந்த முறையில் என்பதே கேள்வி.

இங்கு காணி எடுப்பதற்குள்ள சட்டம் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம். 2ஆம் பிரிவின்படி முதல் அறிவித்தல். 4ஆம் பிரிவின்படி ஆட்சேபம் கோரும் அறிவித்தல். ஆட்சேபத்தைக் கேட்பவரும் அரசாங்கமே. முடிவு செய்பவரும் மந்திரியே. 5ஆம் பிரிவின்படி மந்திரி பிரகடனம் செய்துவிட்டால், அது பொதுத் தேவைக்கே என்பதற்கு அந்தப் பிரகடனமே முடிந்த முடிவான சாட்சி. அவசரம் என்று சொல்லிவிட்டால், நட்டஈடு தீர்மானிக்கப்படுமுன்னரே 38ஆம் பிரிவின்படி உடைமையை எடுக்கலாம். வாதியும் அவரே, நீதிபதியும் அவரே, அமீனாவும் அவரே!

நமது நீதிமன்றங்கள் இதற்குச் சிறிது கடிவாளம் இட்டிருக்கின்றன என்பதையும் நன்றியோடு சொல்லவேண்டும். மனல் பெர்னாண்டோ எதிர் ஜயரத்ன என்ற வழக்கில், எந்தப் பொதுத் தேவைக்காகக் காணி வேண்டும் என்பதை முதல் அறிவித்தலிலேயே வெளிப்படுத்தவேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. தேவை என்னவென்று தெரியாதவன் எப்படி ஆட்சேபிப்பான்? சாதாரண அறிவுக்கு எட்டும் இந்த நியாயத்தை நிலைநாட்ட உயர் நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது.

2013ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தை வலிகாமம் வடக்கு மக்கள் மறக்கமாட்டார்கள். 6,381 ஏக்கர் காணியை இராணுவத் தேவைக்கு எடுப்பதாக 2ஆம் பிரிவு அறிவித்தல் மரங்களில் ஒட்டப்பட்டது. உரிமையாளரைக் கண்டறிய முடியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். உரிமையாளர் எங்கே இருந்தனர்? பலர் அருகிலுள்ள முகாம்களில், உறுதியைப் பெட்டியில் வைத்துக் காத்திருந்தனர். ஒவ்வொரு துண்டுக்கும் குடியிருப்பவரின் பெயரை எழுதும் இலண்டன் புத்தகத்தையும், நம்மூர் மரத்தில் ஒட்டிய காகிதத்தையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். நாம் வேறு விளக்கம் சொல்லத் தேவையில்லை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார்கள். அந்த ஒற்றுமையே அன்று காணியைக் காத்த அரண்.

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28ஆம் திகதி மற்றொரு வர்த்தமானி அறிவித்தல் வந்தது. வட மாகாணத்தில் 5,940 ஏக்கர் காணிக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகும் என்பது அதன் சாரம். எரிந்த உறுதிகள், மறைந்த பெற்றோர், கடல் கடந்து வாழும் வாரிசுகள் என்ற நிலையிலுள்ள மக்களுக்கு மூன்று மாதம்! எதிர்ப்பு எழுந்தது, வழக்கு வந்தது, ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அறிவித்தலும் கைவிடப்பட்டது.

ஆங்கில நாட்டிலும் இராணுவம் காணி எடுத்ததுண்டு. டோர்செற் மாவட்டத்தில் கிறிச்சல் டவுண் என்ற இடத்தில் 725 ஏக்கர் காணியை 1938ஆம் ஆண்டு விமானப்படைக்கு எடுத்தார்கள். யுத்தம் முடிந்தபின் அதனைச் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடாமல், விவசாய மந்திரியின் இலாகாவுக்கு மாற்றினார்கள். குடும்பத்தினர் விடவில்லை. விசாரணை நடந்தது. 1954ஆம் ஆண்டு விவசாய மந்திரி தக்டேல் பதவி துறந்தார். எடுத்த தேவை தீர்ந்தால், காணியை முதலில் பழைய சொந்தக்காரருக்கே கொடுக்க முன்வரவேண்டும் என்ற விதி அதன் பயனாக நிலைபெற்றது. 725 ஏக்கருக்காக அங்கே ஒரு மந்திரி போனார். 6,381 ஏக்கருக்காக இங்கே யார் போனார்?

பெரும்பான்மையும் நீதியும்

‘இலண்டன் வேறு, இலங்கை வேறு, இங்கு பாராளுமன்றமே பெரும்பான்மையினரின் கையில், அங்கே போய் முறையிட்டு என்ன பயன்?’ என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1956ஆம் ஆண்டுக்குப் பின் அந்தக் கேள்வியின் கசப்பை நாம் அறியாதவர்களல்லோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கலப்பு மசோதாவின் தெரிவுக் குழு கட்சிக் கூட்டமன்று. உள்ளூர் நலன் உடையவர்களைத் தவிர்ப்பது அங்கே வழக்கம். அங்கு வாக்கு எண்ணிக்கை அன்று, சாட்சியமே பேசுகிறது. சிறுபான்மையினருக்கு வேண்டியது அத்தகைய இடமே.

நம் அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரையின்படி, ஒரு மசோதா சட்டமாகிவிட்டால் எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியைக் கேள்விக்கு உட்படுத்த முடியாது. இங்கிலாந்திலும் பாராளுமன்றச் சட்டத்தை நீதிமன்றம் செல்லாதெனத் தள்ளமுடியாது. அதனாற்றான் அவர்கள் முன்கூட்டியே கேட்கிறார்கள். பின் கதவைப் பூட்டியவன் முன் கதவைத் திறந்து வைக்கவேண்டும். நம் நாட்டில் இரண்டு கதவும் பூட்டப்பட்டிருப்பதே அநீதி.

இது தமிழருக்கு மாத்திரமான வழக்கும் அன்று. சட்டமின்றித் தொடங்கும் திட்டம் சட்டமின்றியே முடியும். கொழும்புக்கும் மாலபேக்கும் இடையே 15.7 கிலோமீற்றர் இலகு புகையிரதப் பாதைக்கு 2019ஆம் ஆண்டு ஜப்பானியக் கடன் ஒப்பந்தமாயிற்று. 2020ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜனாதிபதி செயலகத்தின் ஒரு கடிதத்தோடு அது நிறுத்தப்பட்டது. ஒப்பமிட்டவர் சிலர், நிறுத்தியவர் சிலர், கேட்கப்படாதவர் பலர். அந்தப் பலருள் சிங்கள மக்களும் அடங்குவர்.

நாம் செய்யவேண்டியவை

ஆகவே நமது கோரிக்கைகள் நான்கு. காணி எடுக்கும் ஒவ்வொரு பெருந்திட்டமும் வரைபடத்தோடும், உரிமையாளர் பெயர்ப் பட்டியலோடும் தனிச் சட்டமாக வரவேண்டும். பாதிக்கப்படுவோரைத் தமிழிலும் சிங்களத்திலும் அவர்கள் மாவட்டத்திலேயே கேட்கும் சுதந்திரமான குழு வேண்டும். எடுக்கும் அதிகாரத்துக்குக் காலவரை வேண்டும். தேவை தீர்ந்த காணி சொந்தக்காரருக்குத் திரும்பவேண்டும். இதற்கு நமது சட்டத்தில் 39அ என்ற பிரிவு ஏற்கனவே உண்டு. அதனை மந்திரியின் தயவாக விடாமல் மக்களின் உரிமையாக்கவேண்டும்.

கோரிக்கை வெல்லும்வரை கை கட்டி இருக்கலாகாது. கமக்காரச் சகோதரர்களே! உறுதிகளையும், அனுமதிப் பத்திரங்களையும், நிலஅளவைப் படங்களையும், வரிச் சிட்டைகளையும் இன்றே எடுத்து ஒழுங்கு செய்யுங்கள். பிரதிகளை வெளிநாட்டிலுள்ள பிள்ளையிடமும் கொடுத்து வையுங்கள். அறிவித்தல் ஒன்று கண்ணிற் பட்டால் அந்தத் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். நட்டஈட்டுக் கட்டத்துக்கு வந்துவிட்டால், மீளாய்வுச் சபைக்கும் அதன்பின் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போகும் வழி உண்டு என்பதை மறவாதீர்கள்.

படித்த அன்பர்களே! நிலஅளவையாளர், ஆசிரியர், வைத்தியர், சட்டத்தரணிகள் ஆகிய நாம் ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு காணிப் பதிவேட்டை மக்களோடு சேர்ந்து எழுதவேண்டும். அரசாங்கம் எழுதத் தவறிய அந்தப் பெயர்ப் புத்தகத்தை நாமே எழுதுவோம். எந்தத் துண்டு, எவருடையது, எவர் பயிர் செய்கிறார், கிணறு எங்கே, கோயில் எங்கே, சுடலை எங்கே என்று எழுதுவோம். ‘உரிமையாளரைக் காணவில்லை’ என்று எவரும் இனிமேல் நம் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதபடி எழுதுவோம்.

ஸ்பிற்றல்பீல்ட்ஸ் மக்கள் ஆட்பலத்தால் வெல்லவில்லை; ஆயத்தத்தால் வென்றார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் வாசிகசாலையில் ஒரு மேசையும் ஒரு கொப்பியும் போட்டு இந்த வேலையைத் தொடங்குங்கள். நாமும் வருகிறோம்.